கடலோர நீரில் ஆண்டிபயாடிக் எதிர்ப்பு: மாதிரி எடுப்பதிலிருந்து முடிவு எழுதுவது வரை

1945-ல் இத்தாலியின் சார்டினியா தீவில், கால்யாரி நகரத்தின் சாக்கடை கடலில் விழும் இடத்தில் ஜூசெப்பே புரோட்சு என்ற மருத்துவர் நீர் எடுத்துப் பார்த்தார். அதில் ஒரு பூஞ்சை கிடைத்தது. அதன் சாறு டைபாய்டு பாக்டீரியா உட்படப் பல கிருமிகளை வளரவிடாமல் தடுத்தது. பின்னாளில் செபலோஸ்போரின் என்ற ஆண்டிபயாடிக் வகை மருந்துகள் எல்லாம் அந்தப் பூஞ்சையின் வழியாகத்தான் வந்தன. இன்று நாம் அதே மாதிரியான இடத்துக்கு, அதே மாதிரி பாட்டிலோடு போகிறோம். தேடுவது மட்டும் வேறு: செபலோஸ்போரினுக்கு அசையாத பாக்டீரியா.

தேடினால் கிடைக்குமா என்றால், கிடைக்கும். அதில்தான் சிக்கலே. உலகத்தில் எந்தக் கடற்கரையில் நீர் எடுத்துத் தட்டில் பரப்பி ஆம்பிசிலின் டிஸ்க் (மருந்து தோய்ந்த சிறு காகித வட்டு) வைத்தாலும் 'எதிர்ப்பு' தென்படும். மனிதக் கால் படாத கரையிலும் தென்படும். ஆகவே 'எதிர்ப்புள்ள பாக்டீரியா இருக்கிறது' என்பது ஒரு கண்டுபிடிப்பே அல்ல. அது எங்கிருந்து வந்தது, வேறு இடத்தைவிட இங்கே அதிகமா, போன மாதத்தைவிட இப்போது அதிகமா என்பதுதான் கேள்வி. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே போகும். முதுகலை ஆய்வுத் திட்டம் செய்கிறவர்கள், கடல்நீர்க் கண்காணிப்பில் புதிதாகச் சேர்ந்தவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். தட்டு ஊற்றவும், கிருமி நீக்கிய சூழலில் வேலை செய்யவும் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதல் படி: பாட்டிலை எடுக்கும் முன் கேள்வியை எழுதுங்கள்

கடலோர நீரில் எதிர்ப்பு வருவதற்கு மூன்று வழிகள் உண்டு. மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் தொடங்கினால் கடைசியில் கையில் வெறும் சதவீதங்கள்தான் மிஞ்சும்.

ஒன்று, கழிவுநீரோடு வந்து சேர்வது. மருந்து சாப்பிட்ட மனிதர், கால்நடை ஆகியோரின் குடலில் உருவான எதிர்ப்புப் பாக்டீரியா மலத்தோடு வெளியேறி, சாக்கடை, ஆறு, மழைநீர்க் கால்வாய் வழியாகக் கடலை அடைகிறது.

இரண்டாவது, அங்கேயே பிறந்தது. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நாம் ஆலையில் மருந்து தயாரிப்பதற்கு வெகு காலம் முன்பே மண்ணிலும் நீரிலும் உள்ள நுண்ணுயிர்கள் ஒன்றையொன்று ஆண்டிபயாடிக்கால் தாக்கிக்கொண்டிருந்தன. தாக்குதல் இருந்தால் தற்காப்பும் இருக்கும். சுமார் 30,000 ஆண்டுகள் உறைந்து கிடந்த மண்ணிலிருந்து பீட்டா-லாக்டம், டெட்ராசைக்ளின், வான்கோமைசின் ஆகியவற்றுக்கான எதிர்ப்பு மரபணுக்களை 2011-ல் எடுத்துக் காட்டினார்கள். கடலுக்கே உரிய உதாரணமும் உண்டு. மருத்துவமனைப் பாக்டீரியாவின் பிளாஸ்மிடுகளில் (ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய சிறு டி.என்.ஏ. வளையங்களில்) இருந்துகொண்டு குயினோலோன் மருந்துகளின் வலுவைக் குறைக்கும் க்யூ.என்.ஆர்.-ஏ மரபணுவின் பூர்வீகம், ஷீவனெல்லா அல்கே என்ற நீர்வாழ் பாக்டீரியாவின் குரோமோசோம். அதாவது போக்குவரத்து இருபக்கமும் நடக்கிறது. கடல் வெறுமனே வாங்கி வைத்துக்கொள்ளும் தொட்டி அல்ல.

மூன்றாவது, அந்த இடத்திலேயே தேர்வாகிப் பெருகுவது. நீரில் மருந்தின் எச்சம் இருந்து, அதைத் தாங்குகிறவை மட்டும் பிழைத்துப் பல்கிப் பெருகுவது. இது நடக்கக் குறைந்தபட்ச அளவு மருந்தாவது வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசினுக்கு அந்த எச்சரிக்கை வரம்பாகப் பரவலாக எடுத்துக்கொள்ளப்படுவது லிட்டருக்கு 0.064 மைக்ரோகிராம். மருந்தாலைக் கழிவு, மருத்துவமனைக் கழிவு விழும் இடங்களில் இதைத் தாண்டலாம். திறந்த கடலில் நீர்த்துப்போய்விடும். டெட்ராசைக்ளின் வகை மருந்துகளைக் கடல்நீரின் கால்சியமும் மெக்னீசியமும் பிடித்துக் கட்டிப்போட்டுவிடுவதால் அவற்றின் வீரியம் இன்னும் குறையும். ஆனால் மருந்து இல்லாமலும் தேர்வு நடக்கலாம். கப்பல் அடிப்பாகத்தில் பூசும் பூச்சில் இருந்த ட்ரைபியூட்டைல் டின் 2008-ல் உலக அளவில் தடையான பிறகு, தாமிரம் கலந்த பூச்சுகளே பெரும்பாலும் பயன்படுகின்றன. தாமிரத்தைத் தாங்கும் மரபணுவும் ஆண்டிபயாடிக்கைத் தாங்கும் மரபணுவும் ஒரே பிளாஸ்மிடில் இருந்தால், தாமிரமே இரண்டையும் காப்பாற்றி வைக்கும். துறைமுகத்தில் மாதிரி எடுக்கிறீர்கள் என்றால் இதை மறக்கக் கூடாது.

மூன்றில் எது முக்கியம்? மனித மலத்தின் அடையாளமாக விளங்கும் க்ராஸ்ஃபேஜ் என்ற வைரஸின் அளவையும் எதிர்ப்பு மரபணுக்களின் அளவையும் ஒப்பிட்ட ஒரு ஆய்வு 2019-ல் வந்தது. பெரும்பாலான இடங்களில் இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கின. விதிவிலக்கு, மருந்தாலைக் கழிவு கலந்த இடங்கள். என் கணிப்பும் அதுதான்: பெரும்பாலான கரைகளில் நாம் பார்ப்பது மலக் கலப்பின் நிழல். அதனால் மலக் கலப்பை அளக்காமல் எதிர்ப்பை மட்டும் அளந்தால் பாதி வேலைதான் நடந்திருக்கும்.

சரி, இப்போது கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள். 'கழிவுநீர் வாயிலிலிருந்து தூரம் போகப் போக செஃபோடாக்சிமைத் தாங்கும் ஈ. கோலையின் பங்கு குறைகிறதா?' (செஃபோடாக்சிம் ஒரு செபலோஸ்போரின் மருந்து.) இது நல்ல கேள்வி. 'கடற்கரையில் எதிர்ப்பு இருக்கிறதா?' இது கேள்வியே அல்ல.

இரண்டாம் படி: எந்தப் பாக்டீரியா?

'மொத்தப் பாக்டீரியா' என்று எடுத்துக்கொண்டு வருகிற காலனியை எல்லாம் டிஸ்க் சோதனைக்கு அனுப்புகிற ஆய்வுகள் நிறைய. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பத்து வகைப் பாக்டீரியாவைக் கலந்து ஒரு சதவீதம் சொன்னால் அதற்கு அர்த்தம் கிடையாது.

கழிவுநீர் பற்றிய கேள்வி என்றால் ஈ. கோலை. குடலில் வாழ்வது, கடலில் நிலைத்து வாழாதது, பரிசோதனை விதிகள் தெளிவாக உள்ளது. உலக சுகாதார நிறுவனத்தின் ட்ரைசைக்கிள் திட்டமும் மனிதர், உணவுச் சங்கிலி, சூழல் மூன்றிலும், செஃபோடாக்சிம் போன்ற மருந்துகளைச் சிதைக்கும் இ.எஸ்.பி.எல். நொதி சுரக்கும் ஈ. கோலையையே ஒரே அளவுகோலாக எடுத்துக்கொள்கிறது. அதையே நீங்களும் பின்பற்றினால் உங்கள் எண்ணை மற்றவர்களின் எண்ணோடு ஒப்பிடலாம்.

உப்பில் ஈ. கோலை சீக்கிரம் சாகும், என்டரோகாக்கஸ் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். கடலில் குளிக்கிற நீரின் தரத்தைப் பார்க்க என்டரோகாக்கஸை விரும்புவதற்குக் காரணம் இதுதான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் 2012 பரிந்துரையில் 100 மி.லி.க்கு 35 என்ற வரம்பு இதற்குத்தான். மலக் கலப்பின் அளவுகோலாக இதையும் சேர்த்து எண்ணிக்கொள்ளலாம்.

கடலின் சொந்தப் பாக்டீரியாவைப் பற்றிய கேள்வி என்றால் விப்ரியோ. மனிதனுக்கு நோய் தருகிற இனங்களும் இதில் உண்டு, மரபணுக்களைச் சேகரிப்பதில் மகா கில்லாடி. விப்ரியோ வகையைச் சேர்ந்த காலரா கிருமியின் இரண்டாம் குரோமோசோமில் மரபணுத் துண்டுகளை வரிசையாகக் கோத்து வைத்த நீண்ட பகுதி ஒன்றே உண்டு. அதைச் சூப்பர் இன்டக்ரான் என்பார்கள்.

ஈ. கோலை, விப்ரியோ இரண்டையும் ஒரே நீரிலிருந்து எடுத்தால் ஒப்பீட்டுக்கு நல்லது. ஒன்று விருந்தாளி, மற்றது வீட்டுக்காரர். ஆனால் முடிவுகளைத் தனித்தனியாகவே எழுத வேண்டும்.

மூன்றாம் படி: இடமும் நேரமும்

குறைந்தது மூன்று வகை இடம் வேண்டும்: மாசு வரும் வாய் (கழிவுநீர்க் குழாய், முகத்துவாரம், மழைநீர்க் கால்வாய்), அதிலிருந்து படிப்படியாக விலகும் சில புள்ளிகள், எந்த வாயிலும் இல்லாத ஒரு ஒப்பீட்டு இடம். கடைசியாகச் சொன்ன ஒப்பீட்டு இடத்தைத்தான் செலவு மிச்சம் என்று விட்டுவிடுகிறார்கள். அது இல்லையென்றால் மற்றவற்றின் எண் தொங்கலில் நிற்கும்.

நேரம் இடத்தைவிடப் படுத்தும். வெயில் பாக்டீரியாவைக் கொல்லும். தெளிந்த கடல்நீரில் நல்ல வெயிலில் ஈ. கோலையின் எண்ணிக்கை சில மணி நேரத்திலேயே பத்தில் ஒன்றாகிவிடலாம். காலை 6 மணிக்கு ஒரு இடத்திலும் பிற்பகல் 2 மணிக்கு இன்னொரு இடத்திலும் எடுத்துவிட்டு இரண்டையும் ஒப்பிட்டால், நீங்கள் ஒப்பிடுவது சூரியனைத்தான். எல்லா இடத்திலும் விடிகாலையில் எடுங்கள். அப்புறம் ஓதம். வற்றத்தின்போது முகத்துவாரத்து நீர் கடலை நோக்கி வடியும், ஏற்றத்தின்போது கடல்நீர் உள்ளே தள்ளும். ஒரே ஓத நிலையில் எடுப்பது நல்லது. முடியாவிட்டால் நிலையைக் குறித்தாவது வையுங்கள். மழை பெய்த மறுநாள் எண்ணிக்கை எகிறும். அந்த நாளைத் தவிர்க்க வேண்டாம். ஆனால் வறண்ட நாளோடு கலந்து சராசரி போடாதீர்கள்.

மணலும் சேறும் தனிக் கதை. வெயில் படாத, உணவு கிடைக்கிற இடம் என்பதால் குடல் பாக்டீரியா அங்கே நீரில் இருப்பதைவிட நீண்ட நாள் தங்கும். அலை கிளறினால் மீண்டும் நீருக்கு வரும். ஆட்கள் இறங்கிக் குளிக்கிற நேரத்தில் எடுத்த நீரில் எண்ணிக்கை கூடுதலாக இருந்தால் காரணம் காலடியிலேயே இருக்கலாம்.

ஒரே ஒரு முறை எடுத்த மாதிரி ஒரு புகைப்படம் மாதிரி. குறைந்தபட்சம் வறண்ட பருவம், மழைப் பருவம் இரண்டிலும் பலமுறை எடுங்கள். ஒவ்வொரு முறையும் நீரின் வெப்பநிலை, உப்புத்தன்மை, கலங்கல், நேரம், ஓதம், கடைசி மழை எப்போது என்பதைக் குறிக்க வேண்டும். உப்புத்தன்மைக்கு இங்கே தனி மதிப்பு உண்டு. ஒரு புள்ளியில் திடீரென்று உப்பு குறைந்திருந்தால் நன்னீர் கலக்கிறது என்று அர்த்தம். எங்கிருந்து என்று தேடுங்கள்.

நான்காம் படி: நீர் எடுத்தல்

கிருமி நீக்கிய அகல வாய்ப் பாட்டில், கையுறை. குளோரின் சேர்த்த கழிவுநீர் கலக்கும் இடம் என்றால் பாட்டிலில் முன்கூட்டியே சோடியம் தயோசல்பேட் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குளோரின் வழியெல்லாம் கொன்றுகொண்டே வரும். இடுப்பளவு ஆழத்தில் நின்று, நீரோட்டத்துக்கு எதிர்ப்பக்கம் கையை நீட்டி, மேற்பரப்பிலிருந்து சுமார் 30 செ.மீ. கீழே பாட்டிலைத் திறந்து நிரப்புங்கள். மேற்பரப்பில் மிதக்கும் படலத்தில் பாக்டீரியா செறிந்திருக்கும். அது உள்ளே போனால் எண் ஏறும். நீங்கள் நடந்து கிளறிய சேறு அடங்கும் வரை பொறுங்கள். பாட்டிலில் ஒரு விரல் இடம் காலியாக விடுங்கள், குலுக்குவதற்கு.

காலில் காயம் இருந்தால் இறங்க வேண்டாம், வேறொருவரை அனுப்புங்கள். வெதுவெதுப்பான, உப்புக் குறைந்த கடலோர நீரில் வாழும் விப்ரியோ வல்னிஃபிகஸ் காயத்தின் வழியாக நுழைந்தால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்தாகும், குறிப்பாகக் கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு.

ஈ. கோலை, என்டரோகாக்கஸுக்கான பாட்டில் ஐஸ் பெட்டியில், 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே. எடுத்த 6 மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்து, அடுத்த 2 மணி நேரத்துக்குள் வடிகட்டிவிட வேண்டும். விப்ரியோவுக்கான பாட்டிலை மட்டும் ஐஸில் நேரடியாகப் புதைக்காதீர்கள். கடும் குளிர் பட்டால் விப்ரியோ உயிரோடு இருந்தும் தட்டில் வளராத நிலைக்குப் போய்விடும். 'இங்கே விப்ரியோவே இல்லை' என்று எழுதப்பட்ட சில அறிக்கைகளின் பின்னால் ஐஸ் பெட்டிதான் இருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

ஐந்தாம் படி: வடிகட்டி, இரண்டு தட்டு

முழு வேலையின் மையம் இங்கேதான் இருக்கிறது. 0.45 மைக்ரோமீட்டர் துளையுள்ள சவ்வு வடிகட்டி வழியாக 1, 10, 100 மி.லி. என்று வெவ்வேறு அளவு நீரை வடிகட்டுங்கள். வடிகட்டியை டி.பி.எக்ஸ். அகாரில் வையுங்கள். ஈ. கோலை நீலப் பச்சைக் காலனியாக வரும். ஒரு வடிகட்டியில் 20 முதல் 80 காலனி வரை இருக்கும் தட்டையே எண்ணுங்கள். உப்பிலும் வெயிலிலும் அடிபட்ட செல்களை நேராக 44 டிகிரியில் போட்டால் பல எழாது. முதலில் சில மணி நேரம் 35-37 டிகிரியில் வைத்துத் தேறவிட்டுப் பிறகு ஏற்றுங்கள்.

இதே நீரின் இன்னொரு பங்கை, ஒரு மி.லி.க்கு 4 மைக்ரோகிராம் செஃபோடாக்சிம் கலந்த டி.பி.எக்ஸ். தட்டில் வையுங்கள். 500 மி.லி. அகாருக்கு 2 மில்லிகிராம் மருந்து போதும், மி.லி.க்கு 4 மில்லிகிராம் கரைசல் கையில் இருந்தால் அதில் 0.5 மி.லி. எடுத்தால் சரி. அகார் கை பொறுக்கும் சூட்டுக்கு, சுமார் 50 டிகிரிக்கு, ஆறிய பிறகு அதைக் கலக்குங்கள். சூடாக ஊற்றினால் மருந்து கெடும். மருந்துத் தட்டுகளை அவ்வப்போது புதிதாகச் செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் ஈ. கோலை ஏ.டி.சி.சி. 25922 (மருந்துக்குப் பணியும் ஒப்பீட்டு வகை) வளரக் கூடாது, தெரிந்த இ.எஸ்.பி.எல். வகை வளர வேண்டும். இரண்டையும் பார்க்காமல் அந்தத் தொகுதியை நம்பாதீர்கள்.

எதற்கு இரண்டு தட்டு? ஒரு கற்பனைக் கணக்கு பார்ப்போம். கழிவுநீர் வாய்க்கு அருகே மருந்தில்லாத தட்டில் 10 மி.லி.க்கு 24 காலனி, அதாவது 100 மி.லி.க்கு 240. மருந்துத் தட்டில் 100 மி.லி.க்கு 3. பங்கு 1.25 சதவீதம். தொலைவில் உள்ள புள்ளியில் மருந்தில்லாத தட்டில் 100 மி.லி.க்கு 12, மருந்துத் தட்டில் அதே 3. பங்கு 25 சதவீதம். மருந்துத் தட்டை மட்டும் பார்த்தால் இரண்டு இடமும் ஒன்று. இரண்டையும் வைத்துப் பார்த்தால் இரண்டாவது இடத்தில் வேறு ஏதோ நடக்கிறது. வேறு கழிவு கலக்கிறதா? இல்லை, 3 காலனி என்பதே தற்செயலா? மூன்று என்ற எண்ணை வைத்து யாரும் சத்தியம் செய்ய முடியாது. அதனால்தான் பலமுறை எடுக்கச் சொன்னேன்.

விப்ரியோவுக்கு டி.சி.பி.எஸ். அகார். இதை ஆட்டோகிளேவில் வைக்காதீர்கள், கொதிக்கவைத்தால் போதும். நான் முதல் முறை பழக்க தோஷத்தில் உள்ளே வைத்துவிட்டு, ஒரு பெரிய குடுவை முழுக்கக் கொட்ட வேண்டியதாயிற்று. வெதுவெதுப்பான கரையோர நீரில் விப்ரியோ நிறையவே இருக்கும் என்பதால் பல நேரம் 0.1 மி.லி. நேரடியாகப் பரப்பினாலே போதும். சுக்ரோஸைப் புளிக்கவைக்கும் காலரா கிருமியும் விப்ரியோ ஆல்ஜினோலைட்டிகஸும் மஞ்சளாகவும், பாராஹீமோலைட்டிகஸும் பெரும்பாலான வல்னிஃபிகஸும் பச்சையாகவும் வரும். 18 முதல் 24 மணி நேரத்துக்குள் நிறத்தைக் குறித்துவிடுங்கள். விட்டுவைத்தால் மஞ்சள் மறுபடி பச்சைக்குத் திரும்பும்.

ஆறாம் படி: காலனியைத் தேர்ந்தெடுத்தல், அடையாளம், சேமிப்பு

கண்ணுக்குப் பெரிதாக, அழகாகத் தெரிகிற காலனியைத்தான் கை தானாகத் தேடும். அது சார்பு. தட்டின் அடியில் கோடு போட்டு ஒரு கூறைத் தேர்ந்தெடுத்து, அதில் உள்ள அத்தனையையும் எடுங்கள். ஒரே தட்டிலிருந்து 20 எடுத்தால் அதில் பல ஒரே செல்லின் வாரிசுகளாக இருக்கலாம். பல பாட்டில்களிலிருந்து சிலவாக எடுப்பது மேல். முடிந்தால் எரிக்-பி.சி.ஆர். என்ற டி.என்.ஏ. கைரேகை முறை மூலம் இரட்டைப் பிறவிகளைக் களையலாம்.

எத்தனை வேண்டும்? ஒரு இடத்தில் 30 எடுத்து ஒன்றில்கூட எதிர்ப்பு இல்லை என்றாலும், உண்மையான பங்கு 10 சதவீதம் வரை இருக்க வாய்ப்பு உண்டு. 3-ஐ எண்ணிக்கையால் வகுத்தால் இந்த மேல் வரம்பு கிடைக்கும். 'பூஜ்யம்' என்று எழுதும் முன் இந்தக் கணக்கைப் போடுங்கள்.

அடையாளத்துக்கு, புரதங்களின் நிறையை வைத்து இனத்தைச் சொல்லும் மால்டி-டாஃப் கருவி வசதி இருந்தால் அதுவே எளிது. இல்லாவிட்டால் ஆக்சிடேஸ் சோதனை முதலில்: ஈ. கோலை எதிர்மறை, அநேகமாக எல்லா விப்ரியோவும் நேர்மறை. டி.சி.பி.எஸ். தட்டில் உள்ள காலனியை நேராக ஆக்சிடேஸுக்கு எடுக்காதீர்கள், சர்க்கரையிலிருந்து வந்த அமிலம் ஏமாற்றும். சர்க்கரை இல்லாத, உப்புச் சேர்த்த அகாரில் ஒருமுறை வளர்த்துவிட்டுச் செய்யுங்கள். எல்லாப் பாக்டீரியாவிலும் உள்ள 16எஸ் மரபணுவை மட்டும் நம்பி விப்ரியோ இனத்தின் பெயரை எழுத வேண்டாம். பாராஹீமோலைட்டிகஸும் ஆல்ஜினோலைட்டிகஸும் அதில் அநேகமாக ஒரே மாதிரி தெரியும். டாக்ஸ்-ஆர் போன்ற மரபணு துணைக்கு வேண்டும்.

கிளிசரால் சேர்த்து மைனஸ் 80 டிகிரியில் வைத்துவிடுங்கள். 'அப்புறம் பார்க்கலாம்' என்று விப்ரியோ தட்டைக் குளிர்பெட்டியில் வைத்தால், அடுத்த வாரம் எடுக்கும்போது அது செத்திருக்கும்.

ஏழாம் படி: டிஸ்க் சோதனை

1966-ல் பாவரும் கிர்பியும் சகாக்களும் வெளியிட்ட முறைதான் இன்னும் அடிப்படை. டிஸ்க்கிலிருந்து மருந்து அகாரில் பரவி, சுற்றிலும் பாக்டீரியா வளராத ஒரு வளையம் உண்டாகும்; அதன் விட்டத்தை அளக்கிறோம். பார்க்க எளிது, அதனால்தான் தவறும் அதிகம்.

முல்லர்-ஹின்டன் அகார், 4 மி.மீ. கனம், பி.எச். 7.2 முதல் 7.4. கனம் கூடினால் வளையம் சுருங்கும், எதிர்ப்பு இல்லாததும் எதிர்ப்பாகத் தெரியும். கடல் பாக்டீரியாதானே என்று கடல்நீரில் அகார் தயாரிக்கிறவர்கள் உண்டு. கால்சியமும் மெக்னீசியமும் டெட்ராசைக்ளினையும் ஜென்டாமைசின் வகையையும் முடக்கிவிடும். நீங்கள் அளப்பது பாக்டீரியாவின் எதிர்ப்பை அல்ல, உங்கள் தட்டின் உப்பை. மனித நோய் தரும் விப்ரியோக்கள் பெரும்பாலும் வழக்கமான முல்லர்-ஹின்டனிலேயே வளரும், கரைசலை 0.85 சதவீத உப்புநீரில் செய்தால் போதும். வளரவே மறுக்கும் கடல் இனங்களுக்கு வேறு விதி, வேறு வெப்பநிலை. அவற்றின் வளைய அளவை மருத்துவமனை அட்டவணையோடு ஒப்பிடவே கூடாது.

கரைசலின் கலங்கல் 0.5 மக்ஃபார்லாண்ட், அதாவது ஒரு மி.லி.க்கு சுமார் 10 முதல் 20 கோடி செல். கண்மட்டில் போடாமல் கருவியில் பாருங்கள். அடர்த்தி கூடினாலும் வளையம் சுருங்கும். பிறகு மூன்று 15 நிமிடங்கள்: கரைசல் செய்த 15 நிமிடத்துக்குள் தட்டில் பூசுங்கள், பூசிய 15 நிமிடத்துக்குள் டிஸ்க் வையுங்கள், வைத்த 15 நிமிடத்துக்குள் இன்குபேட்டருக்குள். பஞ்சுக் குச்சியைக் குழாய்ச் சுவரில் அழுத்திப் பிழிந்துவிட்டு, தட்டை 60 டிகிரி திருப்பித் திருப்பி மூன்று முறை பூச வேண்டும். 100 மி.மீ. தட்டில் 5 டிஸ்க்குக்கு மேல் வேண்டாம். உறைபெட்டியிலிருந்து எடுத்த டிஸ்க் குப்பியை அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறங்கள். உடனே திறந்தால் ஈரம் படிந்து மருந்து கெடும். 35 டிகிரி, 16 முதல் 18 மணி நேரம்.

எந்த மருந்துகள்? சாதாரணமாக செஃபோடாக்சிம், செஃப்டாசிடிம், மெரோபெனம், சிப்ரோஃப்ளாக்சசின், ஜென்டாமைசின், டெட்ராசைக்ளின், ட்ரைமெத்தோப்ரிம்-சல்ஃபா, குளோராம்பெனிகால். ஈ. கோலைக்கு ஆம்பிசிலினும் சேர்க்கலாம். கையில் இருக்கிற பழைய டிஸ்க்குகளை எல்லாம் வைத்துப் பார்க்கும் வழக்கத்தை விடுங்கள். ஒவ்வொரு மருந்தும் ஒரு காரணத்தோடு பட்டியலில் இருக்க வேண்டும். கொலிஸ்டினுக்கு டிஸ்க் சோதனையே செல்லாது. அந்த மருந்து அகாரில் சரியாகப் பரவாது. திரவ நீர்த்தல் முறையில்தான் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு நாளும் ஏ.டி.சி.சி. 25922 ஒரு தட்டில் ஓட வேண்டும். ஜென்டாமைசின் 10 மைக்ரோகிராம் டிஸ்க்குக்கு அதன் வளையம் 19 முதல் 26 மி.மீ.க்குள் விழாவிட்டால், அன்று அந்த மருந்துக்கு வந்த மற்ற முடிவுகளைக் கிழித்துப் போடுங்கள். மனது கேட்காது, ஆனாலும்.

இ.எஸ்.பி.எல். உறுதிசெய்ய, செஃபோடாக்சிம் டிஸ்க் ஒன்றும் கிளாவுலானிக் அமிலம் சேர்த்த செஃபோடாக்சிம் டிஸ்க் ஒன்றும். சேர்த்ததன் வளையம் 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெரிதாக இருந்தால் உறுதி. இதைச் செஃப்டாசிடிமுக்கும் செய்து பாருங்கள்.

எட்டாம் படி: வளையத்தைப் படித்தல்

மில்லிமீட்டரை அப்படியே எழுதி வையுங்கள். 'எதிர்ப்பு', 'எதிர்ப்பு இல்லை' என்று மட்டும் எழுதினால், அட்டவணை அடுத்த ஆண்டு மாறும்போது உங்கள் தரவு பழசாகிவிடும்.

எத்தனை மி.மீ. வந்தால் எதிர்ப்பு என்று சொல்ல, சி.எல்.எஸ்.ஐ. (அமெரிக்கா), யூகாஸ்ட் (ஐரோப்பா) ஆகிய இரண்டு அமைப்புகளின் அட்டவணைகள் உண்டு. ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எந்த ஆண்டுப் பதிப்பு என்று எழுதுங்கள். இரண்டையும் கலக்காதீர்கள். இந்த அட்டவணைகளின் வரம்பு எதைச் சொல்கிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்: இந்த மருந்து நோயாளியைக் குணமாக்குமா என்பதைத்தான். கடலுக்கு நோயாளி கிடையாது. நமக்குப் பொருத்தமானது யூகாஸ்ட் தருகிற இன்னொரு எண், இக்காஃப். எந்த எதிர்ப்பையும் புதிதாகப் பெறாத இயல்பான கூட்டம் எங்கே முடிகிறது என்பதை அது காட்டும். இக்காஃபைத் தாண்டியது என்றால், சிகிச்சைக்கு இன்னும் பணிந்தாலும், அது ஏதோ ஒன்றைப் புதிதாகப் பெற்றிருக்கிறது. சூழல் ஆய்வுக்கு நான் இதையே முதலில் வைப்பேன். உங்கள் இனத்துக்கு அந்த எண் இல்லையென்றால், வளைய அளவுகளைப் பட்டை வரைபடமாகப் போட்டுப் பாருங்கள். இரண்டு மேடுகள் தனித்தனியாகத் தெரிந்தால் கதை புரிந்துவிடும்.

அடுத்தது இயற்கை எதிர்ப்பு. ஏரோமோனாஸுக்கு ஆம்பிசிலின் பிறவியிலேயே செல்லாது. விப்ரியோ பாராஹீமோலைட்டிகஸ், ஆல்ஜினோலைட்டிகஸ் பெரும்பாலும் அப்படியே. க்ளெப்சியெல்லாவும் அப்படித்தான். என்டரோகாக்கஸுக்கு செபலோஸ்போரின் எதுவும் செல்லாது. 'விப்ரியோவில் 95 சதவீதம் ஆம்பிசிலின் எதிர்ப்பு' என்று ஒருவர் எழுதினால், அது மீனுக்கு நீந்தத் தெரிகிறது என்று எழுதுவது போல. இத்தகைய பாக்டீரியா-மருந்துச் சோடிகளைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள்.

எம்.ஏ.ஆர். (பல ஆண்டிபயாடிக் எதிர்ப்பு) குறியீடு பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், எல்லா ஆய்வேட்டிலும் இருக்கிறது. 1983-ல் க்ரம்பர்மன் முன்வைத்தது. ஒரு பாக்டீரியா தாங்கிய மருந்துகளின் எண்ணிக்கையைச் சோதித்த மருந்துகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்; 0.2-க்கு மேல் வந்தால் ஆண்டிபயாடிக் அதிகம் புழங்கும் இடத்திலிருந்து வந்தது என்று பொருள். கணக்கு எளிது, ஆனால் விடை நீங்கள் தேர்ந்தெடுத்த பட்டியலைப் பொறுத்தது. பத்து மருந்தில் மூன்றை இயற்கை எதிர்ப்புள்ளதாகத் தேர்ந்தெடுத்தால் 0.3 இலவசமாகக் கிடைக்கும், கடலே சுத்தமாக இருந்தாலும். அந்தக் குறியீடு முதலில் உருவானது உணவிலிருந்து எடுத்த ஈ. கோலைக்காக. விப்ரியோவுக்கு அதே 0.2-ஐப் போட்டு 'உயர் ஆபத்து' என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். ஒரே பட்டியல், ஒரே இனம், வெவ்வேறு இடம் என்று ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். 'பல மருந்து எதிர்ப்பு' என்ற சொல்லுக்கு 2012 முதல் வழக்கில் உள்ள வரையறை, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மருந்து வகைகளில் ஒவ்வொன்றிலும் ஒரு மருந்தாவது செல்லாமல் போவது. மூன்று மருந்து அல்ல, மூன்று வகை. செஃபோடாக்சிமும் செஃப்டாசிடிமும் ஒரே வகையில்தான் சேரும்.

ஒன்பதாம் படி: மரபணு, தேவைப்பட்டால்

வசதி இருந்தால் செய்யுங்கள். இல்லையென்றால் மேலே சொன்னதை ஒழுங்காகச் செய்தாலே நல்ல ஆய்வு. பி.சி.ஆரில் முதலில் பார்க்க வேண்டியது இரண்டு: சி.டி.எக்ஸ்.-எம் (இ.எஸ்.பி.எல். நொதியின் மரபணு), மற்றும் முதல் வகை இன்டக்ரானின் (மரபணுத் துண்டுகளைக் கோத்து வைக்கும் அமைப்பின்) இன்ட்-ஐ1 மரபணு. பின்னது மனித மாசுக்கு நல்ல அடையாளம் என்று கருதப்படுகிறது. நீரிலிருந்து நேரடியாக டி.என்.ஏ. எடுத்து அளவறி பி.சி.ஆர். செய்கிறீர்கள் என்றால், 16எஸ் மரபணுவோடு ஒப்பிட்ட அளவையும், ஒரு மி.லி.க்கான அளவையும் இரண்டையுமே கொடுங்கள். கூடவே க்ராஸ்ஃபேஜும் சேர்த்தால், முதல் படியில் கேட்ட 'கழிவோடு வந்ததா, இங்கே பெருகியதா' என்ற கேள்விக்கு விடை நெருங்கி வரும். எதிர்ப்பு மரபணுவும் க்ராஸ்ஃபேஜும் ஒரே சரிவில் இறங்கினால் நீர்த்துப்போகும் கழிவு. க்ராஸ்ஃபேஜ் இறங்கி எதிர்ப்பு மட்டும் நின்றால், அந்தப் புள்ளிக்கு மறுபடி போய் வேறு காரணம் தேட வேண்டும்.

மரபணு இருப்பது வேறு, உயிருள்ள பாக்டீரியா இருப்பது வேறு. செத்த செல்லின் டி.என்.ஏ.வும் பி.சி.ஆரில் பளிச்சென்று வரும்.

பத்தாம் படி: என்ன எழுதலாம், என்ன எழுதக் கூடாது

தட்டுகளை ஆட்டோகிளேவ் செய்யாமல் எங்கும் கொட்டாதீர்கள். பல மருந்துக்கு அசையாத பாக்டீரியாவை நீங்களே கோடிக்கணக்கில் வளர்த்து வைத்திருக்கிறீர்கள். அது தொட்டி வழியாக மறுபடி கடலுக்குப் போனால் அபத்தத்துக்கு எல்லையே இல்லை.

அறிக்கையில், 'இந்த நீரில் குளித்தால் ஆபத்து' என்று எழுதும் ஆசை வரும். உங்கள் தரவு அதைச் சொல்லாது. அதைச் சொல்ல மனிதர்களைச் சோதிக்க வேண்டும். பிரிட்டனில் அலைச்சறுக்கு விளையாடுகிறவர்களை வைத்து அப்படி ஒரு ஆய்வு 2018-ல் வந்தது. தொடர்ந்து கடலில் இறங்கும் 143 பேரில் 9 பேரின் குடலில் சி.டி.எக்ஸ்.-எம் மரபணுவைச் சுமந்த ஈ. கோலை இருந்தது, இறங்காத 130 பேரில் 2 பேரிடம். நான்கு மடங்கு என்று தலைப்புப் போடலாம், தவறில்லை. ஆனால் 9-க்கும் 2-க்கும் நடுவே தற்செயலுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதையும் பாருங்கள். குடலில் இருந்தது என்பதால் அவர்கள் நோயாளிகள் என்று ஆகாது. கடல் வழியாக எதிர்ப்பு மனிதனிடம் திரும்ப முடியும் என்பதற்கு அது நல்ல சான்று. எவ்வளவு திரும்புகிறது என்பதற்கு அல்ல.

ஆகவே உங்கள் வாக்கியம் இப்படி இருக்கட்டும்: 'இன்ன மாதங்களில், இன்ன ஓத நிலையில், விடிகாலையில் எடுத்த இத்தனை மாதிரிகளில், செஃபோடாக்சிமைத் தாங்கும் ஈ. கோலையின் பங்கு கழிவுநீர் வாயில் இவ்வளவு, ஒரு கிலோமீட்டர் தள்ளி இவ்வளவு, ஒப்பீட்டு இடத்தில் இவ்வளவு. என்டரோகாக்கஸ் எண்ணிக்கை அதோடு சேர்ந்து இறங்கியது, அல்லது இறங்கவில்லை.' பின்னிணைப்பில் ஒவ்வொரு வளையத்தின் மில்லிமீட்டர், ஒவ்வொரு நாளின் 25922 முடிவு, அட்டவணையின் பதிப்பு ஆண்டு. அடுத்த ஆண்டு அதே புள்ளியில் நிற்கப்போகிறவருக்கு அதுதான் வேண்டும்.